கூண்டைத் திறக்கும் முன்

(செஞ்சியில் ஆசிரியர்களிடையே கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து உங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலரின் வீட்டில் நாலைந்து நாட்டுக்கோழிகளாவது இருக்கும். நோட்டு வாங்கவோ சுற்றுலாவுக்குப் பணம் கட்டவோ அவசரமாகக் காசு வேண்டுமென்றால், அம்மா விற்பது ஒரு சேவலைத்தான். அந்தச் சிறு சேமிப்பை ஒரே வாரத்தில் துடைத்தெடுத்துவிடும் நோய் வெள்ளைக்கழிச்சல்.

1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்ட இந்நோய், அடுத்த ஆண்டே இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் காணப்பட்டது. அதனால் நம் நாட்டில் ராணிக்கெட் நோய் என்கிறோம். கோழி பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், இறக்கை தொங்கும், மூச்சு வாங்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். இது வைரஸ் நோய் என்பதால், வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. வருமுன் தடுப்பது ஒன்றே வழி.

குஞ்சு பொரித்த ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் அரை மில்லி ஊசி. இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஊசி மருந்து வீரியமானது, இளங்குஞ்சு தாங்காது. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் அரசு நிலையம் இம்மருந்துகளைத் தயாரிக்கிறது. கால்நடை மருந்தகத்திலும், பிப்ரவரி மாத முகாம்களிலும் இலவசமாகப் போடுகிறார்கள்.

“ஊசி போட்டும் செத்துப்போச்சே” என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று, மருந்து பனிக்கட்டியில் இல்லாமல் சூடேறி வீரியம் இழந்திருக்கும். மற்றொன்று, ஊசி போடும்போதே நோய் உள்ளே புகுந்திருக்கும். எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் வரை ஆகும். எனவே தெருவில் நோய் வருவதற்கு முன்பே போட்டாக வேண்டும்.

இங்கேதான் உங்கள் உதவி தேவை. முகாமுக்கு எங்கள் ஆட்கள் வரும்போது கோழிகள் மேய்ச்சலுக்குப் போயிருக்கும். ஓடும் கோழியை யார் பிடிப்பது? முந்தின நாள் மாலை வழிபாட்டிலோ வகுப்பிலோ ஒரு சொல் சொல்லுங்கள்: “நாளைக் காலை கூண்டையும் பஞ்சாரத்தையும் திறக்காதீர்கள்.” சுவரொட்டி செய்யாததைப் பிள்ளையின் வாய்ச்சொல் செய்துவிடும். ஒரு வீடு விட்டுப்போனால் அங்கிருந்து நோய் மற்ற வீடுகளுக்கும் பரவும். தெரு முழுவதும் சேர்ந்து போடுவதே பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். சீக்குக் கோழியைச் சந்தையில் தள்ளிவிடுவதும், செத்ததை ஓடையில் வீசுவதும் அடுத்த ஊருக்கு நோயை அனுப்பும் வேலை. பெரியவர்கள் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்கட்டும். பிள்ளைகள் தொட வேண்டாம். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே அடைத்து வையுங்கள். கூட்டமாகக் கோழிகள் இறந்தால் உடனே மருந்தகத்துக்குத் தகவல் தாருங்கள்.

அறிவியல் வகுப்பில் லூயி பாஸ்டரைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆய்வுக்கூடத்தில் நோய்க்கிருமியை வலுவிழக்கச் செய்து அவர் முதலில் உருவாக்கிய தடுப்பு மருந்து கோழிக் காலராவுக்கானது. அந்தப் பாடத்தை நடத்தும் நாளில், “உங்கள் வீட்டுக் கோழிக்கு ஊசி போட்டாயிற்றா?” என்று கேளுங்கள். பாடமும் பதியும், கோழியும் பிழைக்கும்.