பட்டதாரியும் பிறந்த ஊரும்

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். 1964-ஆம் ஆண்டில் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, வெளியூர்ப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாக இப்பக்கம் ஈர்த்து வந்திருக்கிறது. அவ்வாறு பிழைப்புத் தேடி வந்தவர்களில் நானும் ஒருவன். 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது நாங்கள் சட்டப்படியே பட்டணத்தார் ஆகிவிட்டோம். ஆயினும் எங்கள் தெருவில் எவரைக் கேட்டாலும், சொந்த ஊர் என்று வேறோர் ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்த ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் விடை சற்றுத் தயங்கியே வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பா, திருவண்ணாமலைப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மஞ்சள் பையில் சில தாள்கள் இருந்தன. ஊர் ஏரியின் மதகைப் பழுது பார்ப்பதற்கான மதிப்பீடு அது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் படித்துப் பொருள் சொன்னேன். மதகுக்கென்று காட்டியிருந்த வேலை போதாது என்பது எனக்கே விளங்கிற்று. ஆனால், அதைப் பற்றிக் கூட்டத்தில் பேசவேண்டிய நாள் முந்திய வாரமே கடந்து போயிருந்தது. பெரியப்பா தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "ஏம்பா, நம்ம ஊர்க் காகிதத்தைப் படிக்க நான் இவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கிறதே?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி என் நெஞ்சில் தங்கிவிட்டது.

படித்தவர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்று சொல்வதைப் பலர் தியாகத்துக்கு அழைப்பதாகவே எண்ணுகிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஊருக்கு வேண்டியது தியாகியன்று. தன் காகிதத்தைத் தன் திண்ணையிலேயே படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர். அத்தகைய ஒருவர் திரும்பி வந்தால் என்ன நேரும் என்பதற்கு எங்களுக்கு அருகிலேயே ஓர் ஊர் சான்றாக இருக்கிறது.

பூந்தமல்லியைக் கடந்து, திருமழிசைக்கு அப்பால் இருப்பது குத்தம்பாக்கம். அவ்வூரில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த இளங்கோ, இரசாயனப் பொறியியல் படித்து, அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாகப் பணி செய்தவர். கள்ளச் சாராயமும் வறுமையும் சாதிப் பூசலும் ஊரை அரித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, அந்த உத்தியோகத்தை விட்டுத் திரும்பினார். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996-இல் தேர்தல் நடந்தபோது ஊராட்சித் தலைவரானார். 2001-இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பொறியியல் படிப்பு அவருக்கு அங்கே வீண்போகவில்லை. வடிகால் கட்டுவதற்குக் கருங்கல் பட்டறைகளில் கழிவாகக் கிடந்த கற்களைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். வகுத்த முறையை மீறினார் என்று அவர்மீது நடவடிக்கை வந்தபோது ஊரார் அவர் பக்கம் நின்றனர். அவர் பதவியில் தொடர்ந்தார். அரசாங்கத்தின் சமத்துவபுரத் திட்டம் ஊருக்கு வந்தபோது, அழுத்திச் செய்த மண்கற்களைக் கொண்டு ஐம்பது இரட்டை வீடுகள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பாதியில் தாழ்த்தப்பட்ட குடும்பம். மறு பாதியில் பிற சாதிக் குடும்பம். நடுவே இருவருக்கும் பொதுவான ஒரே சுவர். மண்கல்லின் வலிமையை அளக்கப் படிப்பு போதும். அந்தச் சுவருக்கு இருபுறமும் குடியேற மக்களை இணங்கச் செய்ய, அவர்களோடு வாழ்ந்தவராக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகச் சாடினார். பலருக்கு ஊரை விட்டுப் போனதுதான் விடுதலை. அவர்களிடம் போய்த் திரும்புங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அவ்விடுதலையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒருவர் திரும்பினால், பழைய ஊர் பழையபடியே இருக்க முடியாது என்பதற்கும் குத்தம்பாக்கமே சாட்சி.

பிழைப்புக்கு என்ன செய்வது என்பது மற்றொரு கேள்வி. அது நியாயமான கேள்வியே. பசித்தவனிடம் ஊர்ப்பற்றைப் பேசுவது பாவம். ஆகவே, வேலையை உதறிவிட்டு நாளையே பஸ் ஏறுங்கள் என்று நான் கூறவில்லை. முதலில் ஊரின் கணக்கைப் பாருங்கள். நெல் வெளியே போய் அரிசியாகத் திரும்புகிறது; நிலக்கடலை போய் எண்ணெயாக வருகிறது. இடையிலுள்ள கூலியும் இலாபமும் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். வணிகம் படித்தவருக்கும் இயந்திரம் படித்தவருக்கும் உரிய வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அதற்கும் காலம் வேண்டுமென்றால், கிராம சபையிலிருந்து தொடங்குங்கள். குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள் ஆகிய விடுமுறை நாட்களில் அது கூடுகிறது. ஊரில் வாக்காளராகப் பெயர் இருந்தால் பேசுவதற்கு உரிமை உண்டு. இல்லாவிடினும், முந்திய நாளே சென்று வரவு செலவுக் கணக்கையும் மதிப்பீட்டையும் ஊராருக்குப் படித்துச் சொல்லலாம். ஆண்டுக்கு நான்கு முறை போய் வருகிறவனுக்கு, ஒருநாள் அங்கேயே தங்குவதற்குரிய காரணம் தானாகவே புலப்படக்கூடும்.

என் பெரியப்பாவின் கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. அவரை அம்பத்தூரில் பஸ் ஏற்றிவிட்டு வீடு திரும்பினேன். மதகு அந்த ஆண்டும் ஒழுகியது. எனக்கு வயதாகிவிட்டது, அந்தக் கேள்விக்கு அரைகுறையாகத்தான் இனி நான் விடை கூற முடியும். முழு விடை கூறக்கூடிய வயதில் இருப்பவர்கள், இந்த ஆண்டு பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர்களே.