அளவுகோல் யார் கையில்?

(மாணவர் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அமெரிக்க நாட்டிலே, மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலே, கேம்பிரிட்ஜ் என்றொரு நகர். அங்கே 1636இல் தோன்றியது ஹார்வர்டு பல்கலைக் கழகம். 2023இல் அதன் இளநிலை வகுப்பில் இடம் கேட்டோர் ஏறத்தாழ 57,000 பேர். இடம் பெற்றோர் 2,000 பேருக்கும் குறைவு. அவ்வாண்டு கதவைத் தட்டிய நூறு பேரில், தொண்ணூற்றாறு பேருக்கு மேல் திரும்பிச் சென்றனர்!

எதைக் கொண்டு அளக்கிறீர்கள் என்று கேட்டால், ‘தகுதி’ என்பர், ‘திறமை’ என்பர். இச்சொற்கள் நம் செவிக்குப் புதியன அல்ல. ஆகவே, அந்தத் தகுதியின் வரலாற்றை அந்தக் கல்விக்கூடத்திலேயே சற்று ஆராய்வோம்.

1920ஐ ஒட்டிய காலம். நுழைவுத் தேர்வில் தேறினால் இடம் உண்டு என்பதே அன்றைய வழக்கம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் படித்தனர், தேர்வு எழுதினர், வென்றனர். 1922இல் புதிதாகச் சேர்ந்தோரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவர்களே. தகுதியைப் போற்றுவோர் மகிழ்ந்திருக்க வேண்டுமன்றோ? மகிழவில்லை, மிரண்டனர்! யூதருக்கு வரம்பு கட்ட வேண்டும் என்றார், பல்கலைக் கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெல்.

வெளிப்படையான வரம்பு 1923இல் நிராகரிக்கப்பட்டது. தலைவாசலில் வர இயலாத தடை, கொல்லைப்புறமாக வந்தது. விண்ணப்பத்தாளில் புதிய கேள்விகள் முளைத்தன. தந்தை பிறந்த இடம் எது? தாயின் பிறந்தவீட்டுப் பெயர் யாது? குடும்பப் பெயர் இடையில் மாற்றப்பட்டதா? பின்னர் புகைப்படமும் கேட்கப்பட்டது. 1926இல், ‘குணநலன்’ என்ற புதிய எடைக்கல் தராசில் ஏறிற்று. யூத மாணவர் தொகை சரிந்தது. அவர்தம் அறிவா குறைந்தது? இல்லை, தோழர்களே, அளவுகோல் மாறிற்று!

சரி, உள்ளே நுழைந்தவர் வாழ்வு எத்தகையது? செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தனியார் மாளிகைகளில் சொகுசாகத் தங்கினர். அந்தப் பகுதிக்கே ‘தங்கக் கரை’ என்று பெயர். வசதியற்றோர்க்குப் பழைய அறைகள். இந்தப் பிளவை ஒழிக்க, முதலாண்டு மாணவர் ஒருங்கே உண்டு உறங்கும் விடுதிகளை 1914இல் திறந்தவரும் இதே லோவெல்தான். நல்ல நோக்கம்! ஆனால், அந்த ஒருமைப்பாட்டில் கறுப்பருக்கு இடமில்லை.

1922இல் ராஸ்கோ கான்க்லிங் புரூஸ் என்பார் தம் மகனுக்காக விடுதியில் இடம் கேட்டார். அவரே ஹார்வர்டு பட்டதாரி. அவருடைய தந்தையோ மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் அமெரிக்க மேலவையில் அமர்ந்தவர். ஆயினும், இடமில்லை என்றது ஹார்வர்டு. ஒரே வகுப்பில் படிக்கலாம். ஒரே கூரையின்கீழ் உறங்கலாகாதாம்! பழைய மாணவர் பலர் கண்டனக் குரல் எழுப்பினர். 1923இல் மேற்பார்வைக் குழு, நிறங்கருதி எவரையும் விலக்கலாகாது என்றது. ஆனால், இரு நிறத்தாரையும் சேர்ந்து வாழக் கட்டாயப்படுத்தலாகாது என்ற வாலையும் ஒட்டியே சொன்னது.

‘அதெல்லாம் பழங்கதை’ என்பீர்கள். 2023 ஜூன் 29ஆம் நாள், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வது தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில், ஆளுமை மதிப்பீட்டில் ஆசிய வழியினர் தாழ்த்தப்படுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அந்தக் குறையை ஆராய வேண்டியதுதான். ஆனால், காலமெல்லாம் ஒதுக்கப்பட்ட கறுப்பருக்கு நீட்டிய கையைத் தட்டிவிடுவதா அதற்குப் பரிகாரம்?

அதே வழக்கில் வெளிவந்த கணக்கைக் கேளுங்கள். ஹார்வர்டில் பயின்றோரின் பிள்ளைகள் மனுச் செய்தால், மூவரில் ஒருவருக்கு இடம். ஏனையோரில் நூற்றுக்கு ஆறு பேருக்கு! அச்சலுகையைத் தீர்ப்பு தடை செய்யவில்லை. பிறப்பால் வருவது மரபாம். ஒடுக்கப்பட்டோர் கேட்பது மட்டும் பாரபட்சமாம்!

அச்சலுகை நீங்கினால் கல்வித் தரம் கெடுமோ? அதே கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள எம்.ஐ.டி., பெற்றோர் அங்குப் படித்தனரா என்று பார்ப்பதில்லை. அதன் புகழ் குன்றிவிட்டதா? தனியார் பல்கலைக் கழகங்களும் அச்சலுகை தரலாகாது என்று 2024இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியதே!

தகுதி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. உழைத்துப் படிக்கும் ஏழை மாணவனைவிடத் தகுதியை நம்பியிருப்பவர் வேறு யார்? நாம் கூறுவது இதுதான். தகுதியின் பெயரால் எவரேனும் கதவைச் சாத்தினால், தலைகுனிந்து திரும்பிவிடாதீர்கள். நிமிர்ந்து நின்று கேளுங்கள்: அளவுகோலைச் செய்தவர் யார்? நாங்கள் தேறிய மறுநாளே அதை மாற்றியவர் யார்?