ஒரே பந்தியில் உண்டவர் பிரியும்போது

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

கலை பயிலும் உறைவிடப் பள்ளியை விட்டுப் பிரிவதைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம்மைப் பணித்துள்ளீர்கள். நாள்தோறும் வீட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவன் பிரியும்போது வகுப்பறையைப் பிரிகிறான். விடுதி மாணவனோ உண்ட பந்தியையும் உறங்கிய கூடத்தையும் சேர்த்துப் பிரிகிறான். கலை பயின்றவனுக்கு, தன் கோட்டின் கோணலை உரிமையோடு சுட்டிக்காட்டிய தோழனின் பிரிவும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

நமக்கு இப்பிரிவில் இன்னொரு பொருளும் உண்டு. நம் பிள்ளைகளுள் பலர் பிற சாதியினரோடு தோளுரச அமர்ந்து உண்டது முதன்முதலாக ஒரு விடுதியில்தான். ஆகவே விடைபெறும் நாளில் ஒரு கேள்வி எழுகிறது. அந்த நட்பு விடுதி வாயிலோடு நின்றுவிடுமா, நம்மோடு ஊருக்கும் வருமா? இக்கேள்விக்கு விடை தேட, வங்காளத்துச் சாந்திநிகேதனத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் 1901-இல் ஒரு சில மாணவரோடு அங்கே உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். மரத்தடியே வகுப்பறையாயிற்று. 1919-இல் கலாபவனம் என்னும் ஓவிய சிற்பக் கல்விக்கூடம் எழுந்தது. 1921-இல் விசுவபாரதி அமைந்தது. 1951-இல் அது மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனத்தை உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாக ஏற்றது.

இத்துணைப் புகழ் வாய்ந்த இடத்திலும் சமத்துவம் முதல் நாளே வந்துவிடவில்லை. தொடக்க ஆண்டுகளில் பிராமண மாணவர் தனி வரிசையில் உண்ணும் வழக்கம் அங்கும் இருந்தது. 1915-இல் காந்தியடிகள் சென்றபோது, மாணவரும் ஆசிரியருமே சமைத்துத் துப்புரவுப் பணியும் செய்ய வேண்டும் என்று தூண்டினார். மார்ச் 10-ஆம் நாள் அம்முயற்சி தொடங்கிற்று, நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அந்நாளில் பணியாளருக்கு ஓய்வளித்து, மாணவரும் ஆசிரியரும் துடைப்பம் ஏந்தும் வழக்கம் அங்கே நிலைத்தது. ஆண்டில் ஒரு நாள் போதுமா என்று நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். பிறர் அழுக்கைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்குமாறு பணிக்கப்பட்டவரின் மக்கள் நாம். பந்தியும் துடைப்பமும் பொதுவாவது எவ்வளவு கடினமான பாடம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

அப்பள்ளிக்கு 1925-இல் பாங்குராவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். முடிதிருத்தும் தொழில் செய்த எளிய குடும்பத்தில் 1906-இல் பிறந்தவர். அக்கம்பக்கத்தில் பொம்மை வனைவோரைக் கண்டு கைப்பழக்கம் பெற்றவர். அவர்தாம் இராம்கிங்கர் பைஜ். அவருடைய படங்களைக் கண்ட ஆசிரியர் நந்தலால் போஸ், இவ்வளவு தெரிந்தவருக்கு இன்னும் என்ன கற்பிப்பது என்று வியந்து, இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கிப் பார்க்கச் சொன்னாராம். அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் தமக்கு இன்னும் முடியவில்லை என்று இராம்கிங்கர் முதுமையில் கூறுவாராம். 1980-இல் மறையும் வரை அவர் அவ்வூரைத் தம் ஊராகவே கொண்டிருந்தார்.

1938-இல் அவர் அமைத்த ‘சந்தால் குடும்பம்’ என்னும் சிற்பம் இன்றும் அங்கே திறந்த வெளியில் நிற்கிறது. சிமெண்டும் செம்புறைக் கல்லும் கலந்து உருவாக்கியது. கணவனும் மனைவியும் குழந்தையும் நாயுமாக, உடைமைகளைச் சுமந்துகொண்டு ஒரு குடும்பம் நடக்கிறது. பள்ளியைச் சுற்றியிருந்த சிற்றூர்களின் உழைக்கும் பழங்குடி மக்களே அச்சிற்பத்தின் தலைவர்கள். விலையுயர்ந்த பளிங்கில் மன்னரையும் துரைமாரையும் செதுக்கிய காலத்தில், வழியிற்கிடக்கும் கல்லைக்கொண்டு கூலி மக்களுக்கு ஆளுயரத்திற்கும் மேலாக உருவம் சமைத்தார் அவர். கலைக் கல்வி அவரைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கவில்லை.

எல்லாரும் அவ்வாறு தங்கிவிட முடியாது. பிரிந்து சென்றவரையும் பார்ப்போம். கலாபவனத்தின் முதல் மாணவருள் ஒருவரும் பின்னர் அங்கேயே ஆசிரியராய் விளங்கியவருமான வினோத் பிகாரி முகர்ஜி, பிறவியிலேயே பார்வைக் குறையுடையவர். பிற்காலத்தில் பார்வையை முற்றும் இழந்தார். அவரிடம் பயின்ற சத்யஜித் ரே 1940-இல் சேர்ந்து, படிப்பு நிறைவுறும் முன்னரே 1942-இல் வெளியேறியவர். ஆயினும் முப்பது ஆண்டுகள் கழித்து, 1972-இல், பார்வையிழந்த தம் ஆசிரியரைப் பற்றி ‘அகக் கண்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். பட்டம் பெறாமற் சென்ற மாணவன் செலுத்திய கடன் அது.

கே. ஜி. சுப்பிரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1942 விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. 1944-இல் சாந்திநிகேதனம் அவரை ஏற்றது. 1948-இல் பயிற்சி முடித்துச் சென்றவர், பரோடாவில் பல்லாண்டு கற்பித்து, 1980-இல் பேராசிரியராகத் திரும்பி வந்தார். தமக்குத் திறந்த கதவை அவர் மறக்கவில்லை.

நண்பர் உறவைச் செயலாக்கவும் அங்கே ஒரு வழி கண்டனர். 1973 முதல் டிசம்பர்த் தொடக்கத்தில், நந்தலாலின் பிறந்தநாளையொட்டி, மாணவரும் ஆசிரியரும் தம் கைவினைகளைச் சந்தையாக விரித்து விற்கின்றனர். வரும் தொகை மாணவர் நலநிதிக்குச் சேர்கிறது. உடன் பயிலும் ஒருவன் நோயுற்றால் அவன் தனியனாகி விடலாகாது என்பதே அதன் நோக்கம்.

பட்டமளிப்பு விழாவில் ஏழிலைப்பாலை இலைகளைத் தருவது சாந்திநிகேதனத்துக்கே உரிய மரபு. ஒரே கணுவில் ஏழு இலைகள் போலச் சுற்றி நிற்பதால் அம்மரத்துக்கு அப்பெயர். அதன் மென்மரத்தைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பலகையாக்கினர். தாவர நூலார் வழங்கும் அதன் பெயரிலும் பள்ளி என்னும் பொருள் கலந்தே நிற்கிறது. எழுத்துப் பலகையைத் தொடுவதற்கே தடையிருந்த குலங்களில் பிறந்த நமக்கு அவ்விலையின் பொருள் நன்கு விளங்கும்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் மூட்டை முடிச்சுகளோடு பேருந்து ஏறுவீர்கள். கண் கலங்கும், கலங்கட்டும், அதில் நாணமில்லை. முகவரிகளை எழுதிக்கொள்வீர்கள், அதுவும் நல்லதே. அதற்கு மேல் மூன்று செயல்களை உங்களிடம் வேண்டுகிறோம்.

முதலாவது, விடுதியில் உங்களோடு உண்ட பிற சாதி நண்பனை உங்கள் தெருவுக்கு அழையுங்கள். உங்கள் தாயின் கையால் சோறிடுங்கள். அவன் வீட்டு முன்வாயில் வழியாக நீங்களும் செல்லுங்கள். அவ்வாயில் திறக்கத் தயங்கினால், ஏன் என்று அவனிடமே கேளுங்கள். விடுதியில் கற்ற சமத்துவத்துக்குத் தேர்வு அங்கேதான் நடக்கிறது.

இரண்டாவது, நம் பெரியோர் அடித்த பறையையும் வனைந்த மண்ணையும் முடைந்த மூங்கிலையும், கற்ற கண்ணோடு மீண்டும் பாருங்கள். இராம்கிங்கர் தம் ஊர்ப் பொம்மைக் கலைஞரிடம் தொடங்கியவர் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நீங்கள் காலி செய்யும் இடத்துக்கு வருகிற ஆண்டு ஒரு சிறுவனோ சிறுமியோ வருவர். அவர்தம் முதல் மாதம் அழுகையில் கழியும். உங்கள் முதல் ஊதியத்தில் ஒரு சிறு பங்கை அவர்க்கு ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒரு நாளேனும் வந்து அவரோடு பந்தியில் அமருங்கள்.

இம்மூன்றையும் செய்தால் நீங்கள் பெற்ற நட்பு இவ்விடுதிச் சுவருக்குள் அடங்கிவிடாது. சென்று வாருங்கள், திரும்பியும் வாருங்கள். உங்களுக்கான இலை இப்பந்தியில் என்றும் விரிந்திருக்கும்.