மருந்துச் சீட்டும் நாமும்

கோலார் தங்கவயலில் சுரங்கச் சங்கு ஒலித்த காலத்தில், நோய் கண்டால் எங்கே செல்வது என்ற கவலை தொழிலாளர் குடும்பங்களுக்கு இருந்ததில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய நம்மவர், சாம்பியன் ரீப்ஸில் இருந்த சுரங்க மருத்துவமனையையே நாடினர். நோயைக் கண்டவரும் மருந்தை அளித்தவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நாம் ஒரு நோய்க்கு இராபர்ட்சன்பேட்டைக்கும், மற்றொன்றுக்கு இரயிலேறிப் பெங்களூருக்கும் செல்கிறோம். சீட்டுகள் பெருகின, அவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பவர் அருகினர்.

இதனால் விளைவது யாது? நாம் அறிந்த முதியவர் ஒருவர். பல்லாண்டுகள் சுரங்கத்தின் அடியில் உழைத்தவர். நீரிழிவுக்காக ஓரிடத்தில் பெற்ற சீட்டில் ஒரு வணிகப் பெயரும், பின்னர் வேறிடத்தில் பெற்ற சீட்டில் மற்றொரு வணிகப் பெயரும் இருந்தன. இரண்டும் கிளிமிபிரைடு என்னும் ஒரே மருந்து என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? இரண்டையும் உட்கொண்டார். ஒரு நாள் விடியலில் வியர்த்து நடுங்கிச் சாய்ந்தார். நினைவு தப்புமுன் வீட்டார் சர்க்கரை நீர் புகட்டியதால் பிழைத்தார். தனித்தனியே நோக்கின் இரு சீட்டுகளிலும் பிழையில்லை.

சீட்டில் நாளும், ஒப்பமும், நோயாளியின் பெயரும் முகவரியும், மருந்தின் அளவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டவிதி. மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதித்தது. அவ்வாறு எழுதியிருப்பின் அம்முதியவரின் சீட்டுகள் இரண்டிலும் ஒரே பெயர் இருந்திருக்குமன்றோ!

விதி மட்டும் போதாது. அளந்து பார்த்தலும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1993இல் இதற்கு எளிய அளவைகளை வகுத்தது. வெளிநோயாளர் சீட்டுகளில் ஒரு நூறு எடுத்து, சீட்டொன்றுக்கு எத்தனை மருந்துகள், மூலப்பெயரில் எழுதியவை எத்தனை, நுண்ணுயிர்க்கொல்லியும் ஊசியும் எத்தனை சீட்டுகளில், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை எத்தனை என்று மருந்தகத்தாரே எண்ணலாம். கண்டதை எவரையும் பழிக்காமல் மருத்துவரிடம் காட்டி, சில திங்கள் கழித்து மீண்டும் எண்ணினால் முன்னேற்றம் உண்டா என்பது விளங்கும்.

மற்றொன்று மொழி. சீட்டு ஆங்கிலத்தில், சாளரத்தில் பேச்சு கன்னடத்தில், நோயாளி தமிழர். சீட்டில் 1-0-1 என்றிருந்தால் காலையில் ஒன்று, நண்பகலில் இல்லை, இரவில் ஒன்று என்பது பொருள். மருந்தாளர் இதனை நோயாளியின் மொழியில் கூறி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்டல் நன்று. மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழருக்கும் இதுவே நிலை.

நம் கடமையும் உண்டு. எந்த மருத்துவரிடம் சென்றாலும் பழைய சீட்டுகளையும், உண்ணும் மாத்திரைகளையும் உடன் கொண்டுசெல்வோம். எது எதற்கு, எத்தனை நாள் என்று கூசாமல் கேட்போம். அம்முதியவர் இப்பொழுது தம் சீட்டுகள் அனைத்தையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். மருத்துவரின் எதிரில் அமர்ந்ததும் முதலில் அப்பெட்டியைத்தான் திறக்கிறார்.