இரத்தம் பார்க்கலாமா?



லயத்து வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். ரப்பர் தோட்டங்கள் செம்பனையாக மாறி, நம்மவரில் பலர் சிம்மோருக்கும் புந்தோங்குக்கும் குடிபெயர்ந்த பிறகும் வாயைப் பொத்திப் பேசும் பழக்கம் போகவில்லை. ஆகவே, எச்.ஐ.வி. கிருமி தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டால், அதை யாரிடமும் சொல்லாமல் தனியே சுமக்கிறோம்.

தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் எங்களிடம் பெற்றோர் சிலர் தயங்கித் தயங்கி இதைக் கேட்பதுண்டு. தூக்கம் கெடுகிறது, சோறு இறங்குவதில்லை, உடம்பு மெலிகிறது. மெலிந்ததைக் கண்ணாடியில் பார்த்து, "அதேதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கவலையே உடம்பை மெலிய வைக்கும். மறுபுறம், கிருமி உள்ளே இருந்தும் பல ஆண்டுகள் ஒருவர் திடமாக வேலைக்குப் போய் வரலாம். உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தம் பார்த்தால்தான் தெரியும்.

முதலில், பயப்படக் காரணம் உண்டா என்று பார்ப்போம். ஒரே குவளையில் தேநீர் குடித்தாலும், பொதுக் குழாயில் குளித்தாலும், கொசு கடித்தாலும் இது தொற்றாது. ஆணுறை இல்லாத உடலுறவு, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு — முக்கியமான வழிகள் இவையே. நம் நாட்டில் முன்பு போதை ஊசியால் பரவியதே அதிகம். இப்போது உடலுறவால் பரவுவதே அதிகம்.

காரணம் உண்டென்றால், நாளை எண்ண வேண்டும். சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லையா? வெட்கம் பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். ஈப்போ வட்டாரத்தாருக்கு ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. தேவையென்று மருத்துவர் கருதினால் 28 நாளைக்கு மாத்திரை தருவார். கிருமி உடம்பில் நிலைகொள்ளாமல் தடுக்கும் மருந்து அது. நேர்த்திக்கடன் வைப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்று நாளை அதிலேயே போக்கிவிடக் கூடாது.

அந்தக் கெடு தாண்டிவிட்டால் சோதனைதான். மறுநாளே இரத்தம் கொடுத்துப் பயனில்லை. கிருமியின் அடையாளம் இரத்தத்தில் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆய்வுக்கூடச் சோதனையில் பெரும்பாலும் ஆறு வாரத்தில் தெரிந்துவிடும். விரலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு மூன்று மாதம் கழிந்தால்தான் முடிவை உறுதியாக நம்பலாம். அதுவரை ஆணுறை அவசியம். சோதித்துப் பார்க்கும் எண்ணத்தோடு இரத்த தான முகாமுக்குப் போகவே கூடாது. தொடக்க நாள் கிருமி அங்கே பிடிபடாமல் போனால், அந்த இரத்தம் வேறொரு நோயாளிக்கு ஏறிவிடும்.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் பெயர் சொல்லாமலே இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். கிருமி இருப்பதாகக் காட்டினால் அதுவே முடிவல்ல. இன்னொரு சோதனை அதை உறுதி செய்ய வேண்டும். அப்போது பெயர் கொடுக்க வேண்டிவரும். உறுதியான நோயை மருத்துவர் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். சுகாதாரத் துறைக்குத்தான், தோட்ட நிர்வாகத்துக்கு அல்ல.

நம் தாய்மார்களில் பலர் இந்தச் சோதனையை ஏற்கெனவே செய்துகொண்டவர்கள். 1998 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு இரத்தம் எடுக்கும்போது இதையும் பார்க்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடென்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. மனைவி நீட்டிய கையைக் கணவர் நீட்டத் தயங்குவானேன்?

இந்நோய் 1986இல்தான் மலேசியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அன்று இதற்கு மருந்தே இல்லை. நம் லயங்களில் தங்கிவிட்டது அந்தக் காலத்துப் பயம். இன்றோ தினமும் மாத்திரை சாப்பிட்டு, பிள்ளைகளை வளர்த்து, முதுமை வரை வாழ்கிறார்கள். மருந்தால் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவால் துணைக்குப் பரவுவதும் இல்லை.

மூன்று மாதம் கழித்தும் "இல்லை" என்று வந்தால், இடையில் புதிதாக ஒன்றும் நடக்காதவரை, கிளினிக் கிளினிக்காக அலைய வேண்டியதில்லை. அதன் பிறகும் தூக்கம் வரவில்லையென்றால் அது கிருமியின் வேலையன்று. அந்தக் கவலையையே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.