உட்கார்ந்த வேலையிலும் உடல் அசையட்டும்



விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து பால்மரம் சீவுவோருக்கு உடற்பயிற்சி பற்றி உரைப்பானேன் என நீங்கள் எண்ணலாம். மரம் சீவுவதை விட்டுக் காவல் பணிக்கும், லாரி ஓட்டவும், ஆலைக்கும் சென்று, நாள் முழுதும் அமர்ந்திருப்போரை நோக்கியே பேசுகின்றேன்.

வேலை மாறியது, தட்டிலுள்ள சோற்றின் அளவோ மாறவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயதுவந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. தசைகள் அசையும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. அசையாதபோது அது தேங்குகின்றது.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட உடலியக்கம் தேவையென உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. வேலைக்கு முன் 10 நிமிடம், மதிய உணவுக்குப் பின் 10, வேலை முடிந்ததும் 10 என விரைந்து நடப்பீர்களாயின், ஐந்தே நாளில் கணக்கு நிறைவுறும். மணிக்கொரு முறை எழுந்து கைகால்களை நீட்டுங்கள். நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக.

மேற்பார்வையாளர்களே! எழுந்து நடப்பவரைச் சோம்பேறி என்று கருதாதீர். இன்று அவருக்களிக்கும் பத்து நிமிடம், நாளை அவர் குடும்பத்தைக் காக்கும்.

மலைச்சரிவில் நடந்த கால்களை நாற்காலியில் மரத்துப்போக விடலாமா?