அரசலாற்றுக் கரையோடு

நீண்ட மலைமுகட்டைத் துண்டு துண்டாக நடந்து முடிப்பவர்கள் உண்டு. காரைக்காலில் மலை ஏது? நமக்கு மேடு என்றால் ஆற்றங்கரைதான். அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் தொடங்குங்கள். ஒரு ஞாயிறு 5 கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் பஸ் பிடித்து வீடு. அடுத்த ஞாயிறு விட்ட இடத்திலிருந்து. முகத்துவாரச் சேற்றில் நண்டு வளைகளைக் குனிந்து பாருங்கள்: வாசலில் உருட்டிப் போட்ட மண் உருண்டைகள், ஈரம் காயாமல். மேற்கே போகப் போக உப்பு வாடை போய் வயல் வாசம் வரும். கூத்தனூர் சரஸ்வதி கோயில் இந்த ஆற்றோரம்தான். கும்பகோணம் பக்கத்து அழகாபுத்தூருக்குத் தேவாரம் தந்த பெயர் அரிசிற்கரைப்புத்தூர். அரிசில் என்றது இதே ஆற்றை. பெயரிலேயே கரை இருக்கிறது, எத்தனை அழகு! பாபநாசம் பக்கம் காவிரியை எட்ட மாதங்கள் ஆகலாம். ஆகட்டுமே, வரும் ஞாயிறு முதல் துண்டு.